முயல் வந்த வழி



கிடைத்தற்கரிய பொருளை நம்மவர் முயற்கொம்பு என்பார்கள். தம் கட்சியையே விடாப்பிடியாகச் சாதிப்பவரைப் பார்த்து, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறார் என்று நகையாடுவார்கள். திங்களின் கறையை முயல் என்று குழந்தைக்குக் காட்டிச் சோறூட்டுவார்கள். ஆடவல்லான் திருவடியின்கீழ்க் கிடப்பவனுக்கும் முயலகன் என்றே பெயர். இத்துணை பழகிய பிராணியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பால் என் பழைய மாணவர் ஒருவருக்குப் பெரும் நட்டம் வந்தது. ஆதலின் என் பிழையிலிருந்தே இப்பேச்சைத் தொடங்குவதுதான் முறை.

பழைய திருச்சி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதிதான் இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூரோ 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. வரைபடம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு அந்த ஆண்டுகளில் நேர்ந்த சங்கடத்தை நான் சொல்லித் தீராது. இப்பகுதியின் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், படித்து முடித்து ஊரோடு தங்கிவிட்ட மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் வண்ணப் படங்கள் நிறைந்த ஒரு விளம்பரத் தாள் இருந்தது. ஏழு பெண் முயல், மூன்று ஆண் முயல், கூண்டு, தீவனம் யாவற்றையும் ஒரு நிறுவனம் கொடுக்கும். முன்பணம் கட்டினால் போதும். பிறக்கும் குட்டிகளை அந்நிறுவனமே எடை போட்டு வாங்கிக் கொள்ளும். இதுவே அதன் சாரம்.

"ஐயா, இதில் இறங்கலாமா?" என்று அவர் கேட்டார். முயல் பெருகும் பிராணி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "நல்லதுதான் தம்பி, செய்" என்று சொல்லிவிட்டேன். ஆசிரியரின் சொல் என்பதால் அவர் அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, தாயாரின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஐந்து மாதங்களில் முயல்கள் பத்திலிருந்து எண்பதாகப் பெருகின. விளம்பரத் தாளில் இருந்த தொலைபேசியை எடுப்பதற்கு அப்போது ஆள் இல்லை. அந்த ஆண்டின் கத்திரி வெயிலில், தகரக் கொட்டகையின் கீழ், ஒரே பிற்பகலில் முப்பதுக்கு மேற்பட்ட முயல்கள் மாண்டன. செய்தி கேட்டு நான் போனபோது அவர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். என்னை அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை.

அதன்பின்னரே இப்பிராணியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் முதலாவதாகத் தெரிந்தது, நம் இலக்கியத்தில் ஓடும் முயலும் அந்தக் கூண்டில் மாண்ட முயலும் ஒன்றல்ல என்பதே.

நம் காட்டு முயல் புதரின் அடியில் தனித்து வாழ்வது. வளை தோண்டாது. அதன் குட்டிகள் உடல் நிறைய உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். பிறந்த சிறிது நேரத்தில் தத்தித் திரியும். சங்கச் சான்றோர் குறுமுயல் என்று பாடியதும், வள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் யானைக்கு எதிராக நிறுத்திக் காட்டியதும் இதனையே. வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்துத் துரத்திய மண்ணில் கோட்டை எழுப்பினார்கள் என்ற கதையை விசயநகரத்துக்கும் சொல்வார்கள், பாஞ்சாலங்குறிச்சிக்கும் சொல்வார்கள். கதையில் வீரம் பெற்ற இந்த முயல் எக்காலத்திலும் மனிதனுக்கு வசப்பட்டதில்லை. பிடித்து அடைத்தால் அஞ்சியே மெலியும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வேட்டையாடுவது குற்றம் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.

கூண்டில் வளர்வது வேறு இனம். தமிழில் அதற்குக் குழிமுயல் என்று பெயர் சொல்லலாம். அதன் தாயகம் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டிகள் உரோமமின்றி, கண் மூடிய நிலையில், இளஞ்சிவப்புச் சதைத் துண்டுகளைப் போலப் பிறக்கும். பத்துப் பன்னிரண்டு நாள்கள் கழித்தே கண் திறக்கும். காட்டு முயலின் உயிரணுவில் நிறப்புரிகள் 48, குழிமுயலில் 44. இவ்விரண்டும் கலந்து குட்டி ஈனுவதில்லை. கூட்டமாக, குறுகிய இருட்டறையில் வாழ்ந்து பழகிய பிராணி ஆதலால்தான் குழிமுயல் கூண்டை ஏற்றுக்கொண்டது. மனிதன் அதனைப் பழக்கிய வரலாற்றுக்கு இதுவே திறவுகோல் என்பது என் கருத்து.

உரோமானியர்கள் சுவர் சூழ்ந்த தோட்டங்களில் முயல்களை அடைத்து வைத்து, வேண்டும்போது பிடித்து உண்டார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய வாரோ என்ற அறிஞர், ஸ்பெயினிலிருந்து வந்த வளை தோண்டும் முயலைத் தனியே குறிப்பிடுகிறார். ஹாட்ரியன் என்ற பேரரசன் வெளியிட்ட நாணயத்தில் ஸ்பெயின் நாட்டை ஒரு பெண்ணுருவாக்கி, அவள் அருகில் ஒரு முயலையும் பொறித்தார்கள். இதே முயல் பெருகி விளைச்சலை அழித்ததால், பலேரியத் தீவுகளின் மக்கள் அகஸ்டஸ் மன்னனிடம் படையுதவி வேண்டினார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். முயலை அடக்கப் படை கேட்ட மக்களை நினைத்து நீங்கள் சிரிக்கலாம். ஆனால் 1859-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விட்ட சில முயல்கள் அக்கண்டத்தையே மேய்ந்துவிட்டன. அவற்றைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை ஆயிரம் மைலுக்கும் நீண்ட வேலிகளை எழுப்பியது. முயல் வேலியையும் கடந்து போயிற்று. 1950-இல் முயல்களுக்கு மட்டும் வரும் ஒரு கொள்ளை நோயைப் பரப்பிய பின்னரே அதன் தொகை தணிந்தது. கூண்டுக்குள் அடைத்த முயலை வேலியற்ற வெளியில் விடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நோன்பு நாள்களில் இறைச்சி விலக்கப்பட்ட துறவிகளுக்கு, முயலின் பிறந்த குட்டி இறைச்சியாகாது என்று போப் கிரிகோரி கி.பி. 600-ஆம் ஆண்டளவில் ஆணையிட்டார். அதனால் பிரான்சு நாட்டு மடங்களில் முயல் வளர்ப்புத் தோன்றியது என்று ஒரு கதை உண்டு. பல நூல்களில் அச்சேறிய கதை. நானும் வகுப்பில் சுவையாகச் சொல்லியிருக்கிறேன். 2018-இல் ஆராய்ச்சியாளர்கள் மூல ஏடுகளைத் தேடிப் பார்த்து, அப்படி ஓர் ஆணையே இல்லை என்று காட்டினார்கள். தூர் நகரத்து ஆயர் கிரிகோரி, யாரோ ஒருவன் நோன்பில் முயற்குட்டி தின்றான் என்று எழுதிய செய்தியை, பிற்காலத்தார் பெயர் ஒற்றுமையால் போப் கிரிகோரியின் மேல் ஏற்றிவிட்டார்களாம். முயல் ஒரே நாளில், ஒருவர் ஆணையால் வீட்டுப் பிராணி ஆகவில்லை. அடைத்து வைத்தது, வளர்த்தது, நிறமும் பருமனும் தேர்ந்தெடுத்தது என்று பல நூற்றாண்டுகள் சென்றன. என்னிடம் படித்தவர்கள் யாரேனும் இதனைக் கேட்க நேர்ந்தால், பழைய பாடத்தைத் திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் சீட்டு வேண்டும். முயலுக்குச் சீட்டு வேண்டுவதில்லை. வீட்டுக் கொல்லைகளில் முயற்பெட்டிகள் நிறைந்தன. வளர்ப்போர் சங்கம் அமைத்தால் தவிடு பெறலாம் என்று அரசாங்கம் வழி செய்தது. அங்கே முயல் பெருகியதற்குக் காரணம் அது குட்டி போடும் வேகம் மட்டும் அன்று. தின்பவன் அடுத்த அறையிலேயே இருந்தான். நம் விளம்பரத் தாள்காரர்கள் முயலின் வேகத்தை மட்டும் எழுதினார்களே அன்றி, அதனை உண்பவர் யார் என்பதை எழுதவில்லை.

இந்தியாவுக்கு இறைச்சி முயல் இனங்கள் முறையாக வந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. 1970-களின் பிற்பகுதியில் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை இராட்சதம் முதலிய இனங்கள் தருவிக்கப்பட்டன. இவற்றில் முதலாவது பெயருக்குத்தான் நியூசிலாந்து, உருவானது அமெரிக்காவில். நன்கு வளர்ந்தவை நான்கு, ஐந்து கிலோ எடை வரும். தமிழ்நாட்டில் இவற்றை வளர்த்து ஆராயும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூர். இராசத்தானத்தின் அவிகாநகரில் 1962-இல் தொடங்கிய மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் அங்கே இருக்கிறது. மற்றொன்று உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். செம்மறியாட்டு நிலையத்தில் முயலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அங்கோரா என்ற இனம் கம்பளி உரோமத்துக்காகவே வளர்க்கப்படுவது. உரோமம் தரும் பிராணிகளின் வரிசையில் இடம் பெற்று முயல் அங்கே குடியேறியது.

அந்த இரண்டு இடங்களையும் வரைபடத்தில் பாருங்கள். இரண்டும் குளிர்ந்த மலை. முயலுக்கு வியர்வை இல்லை என்றே சொல்லலாம். உடற்சூட்டைத் தன் நீண்ட காதுகளின் வழியே வெளியேற்றுகிறது. பெரம்பலூரின் கரிசல் மண்ணிலும் அரியலூரின் சுண்ணாம்புப் பாறைச் சமவெளியிலும் சித்திரை, வைகாசியில் வெயில் 100 பாகை ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அந்நாள்களில் ஆண் முயலின் விந்து வலிமை குன்றும், பெண் கருத்தரிப்பதில்லை, காற்றில்லாத கொட்டகையானால் உயிரே போகும். மலைப் பிராணியைச் சமவெளிக்கு இறக்கிய விளம்பரத் தாளில் ஒரு தகரக் கொட்டகையின் படமும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் என் மாணவர் தகரம் வாங்கினார்.

அரியலூர்ப் பாறை என்றதும் ஆசிரியனுக்கு நாவு அடங்குவதில்லை. அங்கே வயலில் உழும்போதும் கடல் நத்தைக் கற்கள் கிடைக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடல். பரிணாமக் கொள்கையை எது பொய்யாக்கும் என்று கேட்டதற்கு, உயிர்கள் பெருகுவதற்கு முந்திய பழம் பாறையில் முயலின் எலும்பு கிடைத்தால் பொய்யாகும் என்று உயிரியல் அறிஞர் ஹால்டேன் விடையிறுத்ததாகச் சொல்வார்கள். அவர் 1957-இல் நம் நாட்டுக்கு வந்து குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். அரியலூர்ப் பாறை அத்தனை பழமையானதன்று. ஆயினும் அதிலும் முயல் கிடைக்காது. முயற் குடும்பம் உலகுக்கே அதற்குப் பின் வந்தது.

சரி, இம்மண்ணில் முயல் வளர்க்கவே இயலாதா? இயலும். அம்மாணவரே அதனை எனக்குக் காட்டினார். எண்பது முயலில் எஞ்சியவற்றை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண், ஒரு ஆண் என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். தகரத்தைக் கழற்றி, புங்கமரத்தின் அடியில் தென்னங்கீற்று வேய்ந்தார். வெயில் நாள்களில் மேற்குப் பக்கம் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார். கூண்டு இரண்டரை அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தரைக்கு மேல் இடுப்பளவு உயரத்தில் நிற்கும். அடித்தளம் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை. புழுக்கை கீழே விழுந்துவிடும்; ஈரம் தங்காது. கூண்டின் கால்களை எறும்பு ஏறாதபடி நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார். பூனை, நாய், பாம்பு, எலி நான்கும் முயலுக்குப் பகை. அவற்றில் எலியைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தொடங்குவோர் அஞ்சும் சில செய்திகள் உண்டு. ஆணின் கூண்டுக்குப் பெண்ணைக் கொண்டுபோக வேண்டும். பெண்ணின் கூண்டுக்கு ஆணைக் கொண்டுபோனால், தன் இடத்தைக் காக்க அது ஆணைக் கடித்துக் குதறும். ஆடு மாடுகளைப் போல முயலுக்குப் பருவச் சுழற்சி இல்லை. இணைந்த பின்னரே, சுமார் பத்து மணி நேரத்தில், சினைமுட்டை வெளிப்படும். சினைக்காலம் 30 அல்லது 31 நாள். அதற்குச் சில நாள் முன்னரே வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி ஒன்றைக் கூண்டுக்குள் வைத்தால், தாய் தன் வயிற்று உரோமத்தைப் பிடுங்கி அதில் மெத்தை அமைக்கும். ஈன்ற பின் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்களே பால் கொடுக்கும். தாய் குட்டிகளைப் புறக்கணிக்கிறது என்று பதறி, கையால் எடுத்துக் குட்டிகளைக் கெடுத்தவர்கள் பலர். இரவில் தன் மென்மையான கழிவையே முயல் தின்பதைக் கண்டு நோய் என்று எண்ணுவோரும் உண்டு. மாடு அசை போடுவதைப் போல, முதற்சுற்றில் செரிக்காத சத்தை அது இரண்டாம் சுற்றில் பெறுகிறது, அவ்வளவே.

தீவனத்துக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. பெரம்பலூரின் மக்காச்சோளத்தை உடைத்து, கோதுமைத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் தாது உப்பும் சேர்த்து, வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் கொடுக்கலாம். மீதி வயிறு தழையால் நிறைய வேண்டும். அகத்தி, வேலிமசால், முசுக்கட்டை, அருகம்புல் யாவும் ஆகும். நார்ச்சத்துக் குறைந்தால் கழிச்சல் வரும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைச் சிக்கனம் கருதிப் போட்டால் முயல் மாளும். காதுக்குள் சொறி படர்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஐயம் வந்தால் கால்நடை மருத்துவமனையை அணுக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களையும் கேட்கலாம். நாளிதழ் விளம்பரத்தைக் கேட்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இனி, என் மாணவர் நோட்டுப் புத்தகத்தில் போட்ட கணக்கு. ஒரு பெண் முயல் ஆண்டுக்கு ஐந்து முறை ஈன்று, முறைக்கு ஐந்து குட்டிகள் தப்பிப் பிழைப்பதாகக் கொண்டால் 25 குட்டி. இரண்டு பெண்ணுக்கு 50. பன்னிரண்டு வாரத்தில் குட்டி ஏறக்குறைய இரண்டு கிலோ எடை வரும். அதில் பாதி இறைச்சி. ஆண்டுக்கு 50 என்றால் வாரத்துக்கு ஒன்று. ஆகவே வாரந்தோறும் ஒரு முயலை வாங்கும் ஒரு வீடு வேண்டும். ஏழு பெண்ணானால் ஆண்டுக்கு 175. வாரத்துக்கு மூன்று, நான்கு வீடுகள், மழையிலும் நோன்பிலும் தவறாமல் வேண்டும். "ஐயா, நான் அன்று கூண்டை எண்ணினேன், அடுப்பை எண்ணவில்லை" என்றார் அவர். காட்டு முயல் கறி என்றால் நாவூறிய ஊரார், வெள்ளை முயலைக் கண்டதும் இது குழந்தைகள் கொஞ்சுவதாயிற்றே என்று பின்வாங்கினார்கள். கொழுப்புக் குறைந்த வெள்ளை இறைச்சி என்று எடுத்துச் சொல்லி, முதலில் சமைத்தே கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு வீடுகளைப் பழக்க அவருக்கு ஓராண்டு ஆயிற்று.

அவ்வளவு பாடுபட்ட பின்னும் ஓர் இடி விழுந்தது. இறைச்சிக்கென அனுமதிக்கப்பட்ட பிராணிகளின் பட்டியலில் முயல் இல்லை என்று 2014-இல் நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்டியது. கேரளத்தில் பண்ணை வைத்திருந்தோர் பெரிதும் தவித்தார்கள். பின்னர் வீட்டு முயலை அதன் அறிவியற் பெயரோடு விதியில் சேர்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கடன் வாங்கிப் பெரும் பண்ணை வைத்தவர்கள் அதை மூடினார்கள். மூன்று முயல் வைத்திருந்தவர் மூன்றையும் வெறுமனே வளர்த்துக்கொண்டு காத்திருந்தார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 2012-இல், பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக் கோழித் திட்டங்கள் கவிழ்ந்து, ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். பிராணி வேறு, விளம்பரத் தாள் ஒன்றே.

என் தந்தையார் 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகளைக் கேட்டு ஆடுதுறை 27 என்ற நெல்லை விதைத்தவர். மக்கள் அதனை ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள். வானொலியில் சொன்னால் விதைப்பார்கள் என்ற அந்த நம்பிக்கையை எண்ணியே, முயல் வளர்ப்பைப் பற்றிப் பேச அழைத்தபோது நான் தயங்கினேன். நான் ஒருமுறை சொன்ன சொல்லுக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையை முதலில் சொல்லலாம் என்றால் வருகிறேன் என்றேன். நிலையத்தார் இசைந்தார்கள்.

அந்த நகை அடகிலிருந்து மீள நான்கு ஆண்டுகள் ஆயின. மீட்டது முயல் அன்று, மக்காச்சோளம். முயல் இப்போதும் வீட்டுச் செலவின் ஒரு பகுதியைத் தாங்குகிறதே தவிர, வீட்டைத் தாங்கவில்லை. சென்ற மாசி மாதம் நான் அங்கே போயிருந்தேன். புங்கமர நிழலில் இப்போது பெண் முயல் நான்கு. கூண்டின் அருகே செல்ல எழுந்த என்னை அவர் தாயார் கையமர்த்தினார். "கிட்டப் போகாதீங்க வாத்தியாரையா, காலையிலேருந்து மயிரைப் பிடுங்கிப் போட்டுக்கிட்டிருக்கு, இன்னிக்கு ராத்திரி ஈனும்" என்றார். நான் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.